பில்டரில் பார்க்க வேண்டியது பாத்திரத்தை அல்ல, கேண்டிலை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் கொஞ்ச நாளாகத் தண்ணீர் பில்டர் விளம்பரங்கள் கூடிக்கொண்டே போகின்றன. அதில் எனக்குக் கோபம் இல்லை, பத்திரிகையும் நடக்க வேண்டுமே. ஆனால் அந்த விளம்பரங்களில் ஒன்றாவது "உங்கள் வீட்டுக்கு வருவது என்ன தண்ணீர்?" என்று கேட்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. பல அடுக்கு வடிகட்டல், கனிமக் கற்கள், காந்தம் வைத்த பைப், பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரம், எல்லாம் இருக்கின்றன. வாங்குகிறவர் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருக்கிறாரா, கடுவலையில் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறாரா, இல்லை சுன்னாகத்தில் இருக்கும் தாய்க்கு வாங்கி அனுப்புகிறாரா என்பது மட்டும் யாருக்கும் தேவையில்லை. இதை எழுத வைத்தது அதுதான்.

நான் சொல்வது கரண்ட் இல்லாத பில்டரை. மேல் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றினால் தன் பாரத்திலேயே கேண்டில் என்ற சுட்ட மண் வடிகட்டி வழியாக ஊறிக் கீழ்ப் பாத்திரத்தில் விழும், அடியில் ஒரு பைப். கொழும்பில் பாதி வீடுகளின் குசினியில் இது ஒரு மூலையில் நிற்கிறது. நல்ல சாமான்தான். மின்வெட்டு நாளிலும் வேலை செய்யும், தண்ணீரை வீணாக்காது, பழுதாவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதன் வேலை முழுவதையும் செய்வது உள்ளே நிற்கும் அந்த வெள்ளை மண் கேண்டில்தான், வெளிப்பாத்திரம் வெறும் பாத்திரம். நாமோ பாத்திரத்துக்குக் காசைக் கொட்டிவிட்டு, கேண்டிலை மாற்றச் சொன்னால் "இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்கிறோம்.

கேண்டில் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். நல்ல கேண்டிலில் அவை ஒரு மைக்ரோனுக்கும் குறைவு, அதாவது ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாக வகுத்தால் வரும் ஒரு பங்கைவிடச் சிறியவை. சேறு, துரு, வயிற்றோட்டம் தரும் பெரும்பாலான பக்டீரியாக்கள், 8 முதல் 12 மைக்ரோன் அளவுள்ள ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளின் கூடுகள், இவையெல்லாம் அதில் நின்றுவிடும். வைரஸ் நிற்காது. வைரஸ் என்று ஒன்று இருப்பதே இந்தக் கேண்டிலின் குறைபாட்டால்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1884இல் பிரான்சில் ஷாம்பர்லான் என்பவர் பீங்கான் வடிகட்டி ஒன்றைச் செய்தார். 1892இல் ரஷ்யாவின் இவானோவ்ஸ்கி நோய்ப்பட்ட புகையிலை இலையின் சாற்றை அதில் வடித்துப் பார்த்தார், வடிந்த சாறும் நல்ல செடிக்கு நோயைக் கொடுத்தது. 1898இல் ஒல்லாந்தின் பெய்ஜரிங் அதையே மீண்டும் செய்து பார்த்துவிட்டு, இது பக்டீரியா அல்ல, வேறொன்று என்றார். செங்கண்மாரியைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் ஒரு மைக்ரோனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். எனவே தண்ணீரில் மலக்கழிவு கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் பில்டர் மட்டும் போதாது, கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, கரைந்திருப்பதை வெறும் மண் கேண்டில் பிடிக்காது. உப்பு, சுண்ணாம்பு, நைத்திரேற்று, புளோரைட்டு, எல்லாம் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். கேண்டிலுக்குள் கரி நிரப்பியிருந்தால் குளோரின் வாடையும் சில இரசாயனங்களும் குறையும், அவ்வளவே.

இனி எந்தத் தண்ணீருக்கு எது என்று பார்ப்போம். கொழும்பு நகரத்துக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள், மீற்றர் வரை பெரும்பாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை தொடங்குவது மீற்றருக்கு இந்தப் பக்கம். தொடர்மாடியின் நிலத்தடித் தொட்டி, மொட்டைமாடித் தாங்கி, மூடி உடைந்திருக்கும், கரப்பான் செத்து மிதக்கும், கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று காவலாளியைக் கேட்டால் அவர் வேலைக்கு வருவதற்கு முந்திய காலம் என்பார். இப்படிப்பட்ட இடத்தில் பில்டர் வாங்குவதற்கு முன் தாங்கியைக் கழுவ வேண்டும். தாங்கி சுத்தமாக இருந்தால், சாதாரண வெள்ளைக் கேண்டிலோ கரி உள்ள கேண்டிலோ இரண்டு போட்ட பில்டர் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். பைப் வேலை நடந்த மறுநாள் வரும் கலங்கல் தண்ணீரை நேரே பில்டரில் ஊற்றாதீர்கள், ஒரு வாளியில் பிடித்து அடையவிட்டு மேல் தண்ணீரை ஊற்றுங்கள், கேண்டில் அத்தனை சீக்கிரம் அடைபடாது. கோடையில் களனியில் கடல்நீர் ஏறித் தண்ணீர் கரித்த காலங்களும் உண்டு. அந்தக் கரிப்புக்குக் கேண்டிலைக் குறை சொல்லிப் பயனில்லை.

புறநகரில் கிணறு வைத்திருப்பவர்கள் கதை வேறு. ஆறு பேர்ச்சஸ் காணியில் ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் மலக்குழி, மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டாரின் மலக்குழி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும் என்பார்கள், அந்தக் காணியில் 50 அடிக்கு எங்கே போவது? அங்கே வடித்த தண்ணீரைக் கொதிக்க வைப்பது ஆடம்பரம் அல்ல. 2016 மே வெள்ளத்திலும் 2025 நவம்பரில் டிட்வா புயல் வெள்ளத்திலும் களனிக் கரையோரத்தில் கிணறுகள் மூழ்கின. மூழ்கிய கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். வெள்ளத் தண்ணீரைக் கேண்டிலில் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. இரும்புச் சத்துள்ள கிணறு என்றால் வாளியில் செம்மஞ்சளாகப் படியும், கேண்டிலிலும் அதே நிறத்தில் ஒரு தோல் போர்த்தும். அந்தத் தண்ணீரை உயரத்திலிருந்து வாளிக்கு வாளி மாற்றி ஊற்றிக் காற்றுப் படவிட்டு ஓர் இரவு வைத்தால் இரும்பின் ஒரு பகுதி அடியில் இறங்கும்.

அப்புறம் ஊருக்கு அனுப்புவது. கொழும்பில் உழைக்கிற பிள்ளைகள் புறக்கோட்டையில் ஒரு பில்டரை வாங்கி பஸ்ஸில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறார்கள், நல்ல மனதோடுதான். ஆனால் யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதைக் கேண்டில் குறைக்காது, மாறாக அதே சுண்ணாம்பு காலப்போக்கில் கேண்டிலிலும் படிந்து வேகத்தைக் குறைக்கும். தோட்ட உரத்தால் நைத்திரேற்று ஏறிய கிணறுகளும் அங்கே உண்டு. நைத்திரேற்றைக் கேண்டிலும் பிடிக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத்தில் அது கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வவுனியா, அனுராதபுரம் பக்கம் சில கிணறுகளில் புளோரைட்டு கூடுதல், பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுவது அதனால்தான். அதற்கும் இதே பதில். இப்படியான இடங்களுக்கு ஆர்.ஓ. முறையில் (தண்ணீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளிக் கரைந்த உப்பையும் பிரிக்கும் முறை) சுத்திகரித்த தண்ணீரோ, வேறு நல்ல கிணறோ, மழைநீரோதான் வழி. பில்டருக்குச் செலவழிக்கும் காசில் முதலில் கிணற்றுத் தண்ணீரை ஒரு தடவை ஆய்வுகூடத்தில் பரிசோதித்துவிடுங்கள். மலையகத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு அவ்வளவு யோசனை வேண்டாம். அங்கே தோட்டத் தொழிலாளரின் லய வீடுகளுக்கு வரும் ஊற்றுத் தண்ணீரில் கரைந்த உப்பு பொதுவாகக் குறைவு, கிருமிதான் பிரச்சினை. வடித்துக் கொதிக்க வைத்தால் போதும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதில் கிருமி சாகாது என்று ஒரு பேச்சு உண்டு. சாகும். கொதி வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் விட்டால் சரி.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தொடர்மாடிகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுத்துப்பட்டியோடு விற்பனையாளர் ஒருவர் வருவார், கையில் பேனா மாதிரி ஒரு மீற்றரும் இரண்டு கம்பி செருகிய ஒரு கருவியும் இருக்கும். உங்கள் குழாய்த் தண்ணீரில் கம்பியை விட்டுக் கரண்ட் கொடுப்பார், ஒரு நிமிடத்தில் தண்ணீர் கழிவுக்கால்வாய் நிறத்துக்கு வந்துவிடும். அவர் கொண்டுவந்த போத்தல் தண்ணீரில் விட்டால் தெளிவாகவே இருக்கும். வீட்டிலுள்ள வயதானவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள், சிறுநீரக நோய் என்ற சொல்லும் அந்த நேரம் பார்த்து வரும். நடப்பது இவ்வளவுதான்: குடிதண்ணீரில் இயல்பாகவே இருக்கும் உப்புகள் கரண்டைக் கடத்துகின்றன, அதனால் அவருடைய இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. நீங்கள் பார்த்துப் பயந்தது அவருடைய கம்பியின் அழுக்கு. அந்தப் போத்தல் தண்ணீரில் உப்பு இல்லை, கரண்ட் போகவில்லை, கம்பி கரையவில்லை. அடுத்த முறை வந்தால் அந்தப் போத்தல் தண்ணீரில் ஒரு சிட்டிகைக் கறியுப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் அதே நிறத்துக்கு வரும். பேனா மீற்றரும் அப்படித்தான். அது காட்டுவது கரைந்த உப்பின் அளவை, கிருமியை அல்ல. கேண்டில் பில்டரின் மேலும் கீழும் அளந்தால் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும், அதனால் பில்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை. கேண்டிலின் நுண்துளை எத்தனை மைக்ரோன் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா, அதே கேண்டில் தனியாக அடுத்த வருடமும் கிடைக்குமா என்று கேளுங்கள். என்.எஸ்.எவ். என்ற அமெரிக்கத் தரச்சான்று அமைப்பின் எழுத்துகளைப் பார்த்ததும் மயங்க வேண்டாம். அதில் 42 என்பது வாடை, சுவை, குளோரினுக்கு உரிய தரம், 53 என்பது ஈயம் போன்ற உடல்நலச் சங்கதிகளுக்கு உரியது. விற்பவர்கள் 42க்குச் சான்று வாங்கிவிட்டு 53 வாங்கிய மாதிரிப் பேசுவார்கள். "அந்தத் தரப்படி பரிசோதிக்கப்பட்டது" என்பதும் "சான்றிதழ் பெற்றது" என்பதும் ஒன்றல்ல. கனிமக் கல்லும் காந்தமும் இல்லாவிட்டால் நட்டமில்லை. கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பாத்திரம் வாங்கினால் வெயில் படாத இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும். ஒரு கேண்டில் மணித்தியாலத்துக்கு ஒன்று, இரண்டு லீற்றர் வடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம், அதுவும் மேல் பாத்திரம் நிறைந்திருக்கும்போது. தண்ணீர் மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைந்து சொட்டும் குறையும். "பில்டர் மெதுவாகிவிட்டது" என்று முறையிடுகிற பாதிப் பேர் மேல் பாத்திரத்தைக் கால்வாசிக்கு மேல் நிரப்பாதவர்கள். இன்னொரு பக்கம், கீழே நிறைந்திருப்பதைப் பார்க்காமல் மேலே முட்ட ஊற்றிவிட்டுப் படுக்கப் போனால் விடிய இடைமூட்டால் வழிந்து குசினி நிலமெல்லாம் தண்ணீர்.

பூட்டுவதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். இறப்பர் வாசர் கேண்டிலின் அடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில், உள்பக்கம் இருக்க வேண்டும், நட் வெளிப்பக்கம், கையால் மட்டும் இறுக்க வேண்டும். குறடு எடுத்தால் கேண்டிலின் பிளாஸ்டிக் கழுத்து வெடித்துவிடும். பூட்டிய பிறகு மேல் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக் கீழிருந்து பாருங்கள். சொட்டு கேண்டிலின் குழலிலிருந்து மட்டும் வர வேண்டும். நட்டைச் சுற்றிக் கசிந்தால் அது வடிகட்டாத தண்ணீர், அந்தக் கசிவு இருக்கும் வரை எத்தனை விலைக் கேண்டிலும் வீண். புதுக் கேண்டிலை ஊறவைத்து, முதல் ஒன்றிரண்டு தடவை வடியும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

கேண்டிலைக் கழுவுவதற்குக் கிழமைக் கணக்கு வேண்டாம், சொட்டு குறைந்தால் கழுவுங்கள். கையைக் கழுவிவிட்டு, ஓடும் தண்ணீரில், அதற்கென்றே வைத்திருக்கும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும். சவர்க்காரம், பாத்திரம் கழுவும் திரவம் எதுவும் கூடாது, மண் அதைக் குடித்துவிட்டுப் பிறகு உங்கள் தேத்தண்ணீரில் கக்கும். குழல் வாயை அழுக்குத் தண்ணீரில் அமிழ்த்தாதீர்கள், அது சுத்தமான பக்கத்துக்கு வழி. ஒவ்வொரு தேய்ப்பிலும் கேண்டில் கொஞ்சம் மெலியும், சில தயாரிப்பாளர்கள் அளந்து பார்க்க ஒரு வளையம் கொடுப்பார்கள், அது இலகுவாக நுழைந்துவிட்டால் கேண்டிலின் காலம் முடிந்தது. கரி உள்ளதைச் சுமார் ஆறு மாதத்தில், அல்லது பெட்டியில் சொன்ன காலத்தில் மாற்றிவிட வேண்டும். கொதிநீரில் போட்டால் கரி புதிதாகாது, ஒட்டியிருக்கும் பசைதான் விட்டுப்போகும். மயிர் அளவு வெடிப்புக் கண்டாலும் தூக்கி எறியுங்கள். சந்தேகமாக இருந்தால் நன்றாக ஊறிய கேண்டிலைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு குழலில் ஒரு சுத்தமான குழாயைச் செருகி ஊதிப் பாருங்கள். ஒரே இடத்திலிருந்து குமிழி வந்தால் அங்கே வெடிப்பு. குமிழி வராவிட்டால் பெரிய வெடிப்பு இல்லை என்று மட்டும் அர்த்தம்.

இனிச் சொல்வதை யாரும் கவனிப்பதில்லை. கரி உள்ள கேண்டில் குளோரினை எடுத்துவிடுகிறது, அதற்காகத்தானே வாங்கினோம். ஆனால் தாங்கியிலும் குழாயிலும் கிருமி வளராமல் காத்து வந்தது அந்தக் குளோரின். அது போன பிறகு கீழ்ப் பாத்திரத்தில் நிற்கும் தண்ணீருக்குக் காவல் இல்லை. நம் வெக்கையில், நாலைந்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து அதே தண்ணீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். கொட்டிவிடுங்கள். கீழ்ப் பாத்திரத்தின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள், வழுவழுத்தால் கழுவும் காலம் பிந்திவிட்டது என்று அர்த்தம். அதைவிட மோசம் அந்தச் சின்னப் பைப், அதைக் கழற்றி உட்பக்கம் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மாதம் ஒரு தடவையாவது கேண்டில்களைக் கழற்றி வைத்துவிட்டு, கீழ்ப் பாத்திரத்தையும் பைப்பையும் கழுவி, வாசனை சேர்க்காத சாதாரண குளோரின் ப்ளீச் லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி கலந்த தண்ணீரைச் சில நிமிடம் விட்டு, நன்றாக அலசிக் காயவிடுங்கள். எவர்சில்வரில் ப்ளீச்சை மணிக்கணக்காக விடக் கூடாது, அரித்துவிடும். இதே காரணத்தால்தான், கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பில்டரில் ஊற்றும் நம் வீட்டுப் பழக்கம் தலைகீழ் என்கிறேன். சுத்தமான தண்ணீரைக் கொண்டுபோய் வழுவழுத்த பாத்திரத்தில் விடுகிறோம். முதலில் வடித்து, பிறகு கொதிக்க வைத்து, மூடி போட்ட பாத்திரத்தில் வைத்துக் குடியுங்கள்.

இவ்வளவையும் ஒரு வாசகர் கடிதம் எழுதிச் சொல்ல வேண்டியிருப்பது ஏன்? கடைகளில் நான் திறந்து பார்த்த பெட்டிகளில் விளக்கத்தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, சீன மொழியில் இருக்கிறது, சிலதில் சிங்களத்தில் இருக்கிறது, தமிழில் இல்லை. பெட்டியின் வெளிப்பக்கம் மட்டும் "சுத்தமான நீர்" என்று தமிழில், அதுவும் எழுத்துப் பிழையோடு. பில்டரைக் கழுவுவது யார்? பெரும்பாலும் வீட்டில் அம்மாவும் அம்மம்மாவும். அவர்கள் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டியது அந்தத் தாள். நுண்துளை அளவு, எது வடியும் எது வடியாது, கேண்டில் மாற்றும் காலம் என்ற மூன்றையும் மூன்று மொழியிலும் அச்சிடச் சொல்லி இறக்குமதி செய்வோரை நுகர்வோர் விவகார அதிகாரசபை கட்டாயப்படுத்த வேண்டும். நீங்களும் இந்த விளம்பரங்களை ஏற்கும்போது குறைந்தது நுண்துளை அளவையாவது போடச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் எத்தனை பேர் தருகிறார்கள் என்பதே ஒரு செய்தியாகும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.